பதினான்காவது பொருள்

“பன்னிரண்டு. குளிர்சாதனப் பெட்டி, ஒன்று?”

“எரிஞ்சது” என்றார் மாப்பிள்ளை.

வரி அதிகாரியம்மா பட்டியலில் ஒரு டிக் போட்டார்.

மொத்தம் முப்பத்தொரு பொருட்கள். ஒவ்வொன்றையும் அவர் வாசிக்க வேண்டும், வீட்டுக்காரர் வாய் திறந்து பதில் சொல்ல வேண்டும், கடைசியில் கையெழுத்து. அதுதான் முறை.

காட்டுத்தீ வந்து போய் ஆறு வாரம் ஆகிவிட்டது. தெருவில் பாதி வீடுகள் இல்லை. காப்பீட்டுக்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். எரிந்துபோன பொருட்களின் மதிப்பை வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம் என்று அறிவிப்பு வந்தது. பள்ளிக்கூடத்தின் கூடைப்பந்து மைதானத்தில் மேஜைகளைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள் அதிகாரிகள்.

கட்டிய வரியில் திரும்பி வரும் பணத்தை வைத்துத்தான் மாப்பிள்ளை வீட்டுக்குக் கூரை போட வேண்டும்.

மேஜைமேல் ஓர் அட்டை நின்றது. ஒரு பொருள் பொய்யென்று தெரிந்தாலும் முழு விண்ணப்பமும் தள்ளுபடி.

பட்டியலை எழுதியது மாமியார். மனைவிக்கு லீவு கிடைக்காததால் துணைக்கு வந்ததும் அவரே. தீயிலிருந்து காப்பாற்றிக்கொண்டு வந்த ஒரே சொத்தான கைப்பையை மடியில் அணைத்தபடி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

வரிசையில் நிற்கும்போதுதான் மாப்பிள்ளை பட்டியலை முழுதாகப் படித்தார். அப்போது பிடித்து அவர் கண் பதினான்காவது வரிக்கே போய்க்கொண்டிருந்தது.

“பதிமூன்று. இஸ்திரிப் பெட்டி?”

“எரிஞ்சது.”

“பதினான்கு. எண்ணெய் வண்ண ஓவியம், ஒன்று. வரைந்தவர், நான். படத்தில் இருப்பவர், மாப்பிள்ளை.” அதிகாரியம்மா தலையை நிமிர்த்தி அவர் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார். “எரிஞ்சதா சார்?”

மேஜைக்கு அடியில் மாப்பிள்ளையின் வலது கால் தானாகவே தரையை அழுத்தியது. அவருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வேலை. இருபது வருடமாகப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பிரேக் மிதித்த கால் அது.

மாமியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் படம் வரையக் கற்றுக்கொண்டார். முதலில் மாட்டியவர் மாப்பிள்ளை. நான்கு மாதம், ஞாயிறு தவறாமல், அசையாமல் உட்கார்ந்தார்; மாமியார் ஒரு கண்ணை மூடி, கட்டைவிரலை நீட்டி, அவர் முகத்தை அளந்து அளந்து வரைந்தார். படம் முடிந்து பார்த்தால் ஒரு காது மேலே இருந்தது, ஒரு காது கீழே. அதைக் கொண்டுபோய் வாசலுக்கு நேர் எதிரே மாட்டினார்கள்.

பார்சல் கொடுக்க வந்தவர்கூட செருப்பைக் கழற்றிவிட்டு, “எப்போ தவறினாரு?” என்று கேட்டார்.

மாமியார் இளைய மகள் வீட்டுக்குப் போயிருந்த ஒரு நாள், மாப்பிள்ளை படத்தைப் போர்வையில் சுற்றிப் பழைய சாமான் கடையில் சும்மாவே கொடுத்துவிட்டு வந்தார். திரும்பி வந்த மாமியாரிடம், ஹாலில் வெயில் படுகிறது, மாடி அறையில் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்றார். மாமியாருக்கு முழங்கால் வலி. மாடி ஏற மாட்டார்.

இரண்டு மாதத்தில் தீ வந்தது. எல்லாம் போன துக்கத்திலும் அந்தப் பொய்யை இனிமேல் காப்பாற்ற வேண்டாம் என்று மாப்பிள்ளைக்குள் ஒரு நிம்மதி இருந்தது உண்மை.

“அதெல்லாம் விலைமதிப்பு இல்லாதது மேடம். விட்டுடுங்க.”

“மதிப்பு பூஜ்யம்னு போட்டாலும் எரிஞ்சதா இல்லையான்னு நீங்க சொல்லணும் சார்.”

“சொல்லுங்க மாப்ளே” என்றார் மாமியார்.

எரிந்தது என்றால் கூரைக்கு ஆபத்து. அந்தப் படம் இந்த ஊரில் எவன் வீட்டுச் சுவரில் தொங்குகிறதோ, யார் கண்டது? எரியவில்லை என்றால் இந்த அம்மாள் முகத்தில் எப்படி விழிப்பது? அவருக்கு மாமியார் என்றால் உயிர். படத்தைத்தான் சகிக்கவில்லை.

பின்னால் வரிசையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். மாப்பிள்ளையின் கால் இன்னும் கொஞ்சம் அழுத்தியது.

“எரியல” என்றார் கடைசியில். “தீ வர்றதுக்கு முன்னாடியே பழைய சாமான் கடையில போட்டுட்டேன். மன்னிச்சிடுங்க அத்தை.”

அதிகாரியம்மா பதினான்கை அடிக்கப் பேனாவை எடுத்தார்.

மாமியாரின் கை குறுக்கே வந்தது.

“அடிக்காதீங்கம்மா. அது எரிஞ்சதுதான்.”

கைப்பையைத் திறந்து, நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து மேஜைமேல் வைத்தார். பழைய சாமான் கடை ரசீது. ஓவியம் ஒன்று, சட்டத்துடன். தேதி, மாப்பிள்ளை போட்டுவிட்டு வந்து ஒரு வாரம் கழித்து. அவர் சும்மா கொடுத்த படத்துக்கு மாமியார் நல்ல விலையே கொடுத்திருந்தார்.

“கடை வாசல்ல மாப்பிள்ளை வெயில் காஞ்சிட்டு நின்னாரு. மனசு கேக்கல, கூட்டிட்டு வந்துட்டேன்” என்றார் அதிகாரியம்மாவிடம். “தீ வர்ற வரைக்கும் என் கட்டிலுக்கு அடியிலதான் இருந்தாரு. இவரு என்னைக்கு உண்மையைச் சொல்றாருன்னு பாத்துட்டே இருந்தேன்.”

அதிகாரியம்மா ரசீதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு பெரிதாக ஒரு டிக் போட்டார்.

“மத்ததெல்லாம் ஆளு வந்து விசாரிப்பாங்க சார். ரசீதோட வந்தது இது ஒண்ணுதான். இதை இப்பவே பாஸ் பண்றேன்.”

மாப்பிள்ளைக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன.

“பதினைந்து. சோபா, ஒன்று?”

பதில் சொல்ல வாயைத் திறந்தவர் அப்படியே நிறுத்திக்கொண்டார். பக்கத்தில் மாமியார் ஒரு கண்ணை மூடி, கட்டைவிரலை நீட்டிப் பிடித்து, அவர் முகத்தை அளந்துகொண்டிருந்தார்.