பின்னால் வருகிற வண்டி

வண்டி ஓட்டிக்கொண்டே கோட்டுப் பையில் கையை விட்டவனுக்கு உயிரே போய்விட்டது.

விரலில் தட்டுப்பட்டது ஓர் இரும்பு ஆணி. வண்டியின் பின்பக்கம் செருகிய தாங்கி கழன்று விழாமல் பிடித்துக்கொண்டிருக்க வேண்டிய ஆணி.

அது இங்கே இருக்கிறது. தாங்கி அங்கே இருக்கிறது. தாங்கியில் நான்கு சோடி ஸ்கீப் பலகைகள், இரண்டு ஸ்னோபோர்ட். வண்டி மணிக்கு நூறு கிலோமீட்டரில் வடக்கே போய்க்கொண்டிருந்தது.

எல்லாம் புட்டால் வந்த வினை.

பனிச்சறுக்கு விளையாடப் போகிற மற்றவர்கள் வழியில் ஒரு பர்கரைக் கடித்துவிட்டுப் போவார்கள். இவன் வீட்டார் விடியவே எழும்பிப் புட்டு அவித்து, கத்தரிக்காய்ப் பொரியலோடு டிக்கிக்குள் வைத்துப் பூட்டினார்கள். தாங்கி குறுக்கே நின்றால் டிக்கி திறக்காது. அது யாருக்கும் நினைவில்லை. தரிப்பிடத்தில் நிறுத்தி, அவனும் மச்சான் பிரதீபனும் ஆணியைக் கழற்றி, தாங்கியைப் பாதி வெளியே இழுத்தார்கள். சாப்பிட்டு முடித்துத் திரும்ப உள்ளே தள்ளினார்கள். கை விறைத்துப் போயிருந்தது. யாரோ தேநீரை நீட்டினார்கள். கையிலிருந்த ஆணி கோட்டுப் பைக்குள் போனது. அவ்வளவுதான்.

கண்ணாடியில் பார்த்தான். தாங்கி ஒரு பக்கம் சரிந்து ஆடியது.

அதற்குப் பின்னால், ஒட்டினாற்போல, பிரதீபனின் வேன்.

வேனின் முன் இருக்கையில் ஆரபி. மாமாவோடுதான் வருவேன் என்று அடம்பிடித்து ஏறிய அவனுடைய மகள்.

இவ்வளவு பயம் தனக்குள் இருப்பது அவனுக்கே தெரியாது. வேகத்தைக் குறைத்தால் வேன் இன்னும் கிட்ட வருகிறது. ஓரத்தில் ஒதுங்கலாமென்றால் வழித்த பனி இடுப்பளவுக்குக் குவிந்து கிடக்கிறது. அதில் ஒரு குலுக்கல் போதும், தாங்கி கழன்றுவிட. வெளியேறும் வழிக்கு ஐந்து கிலோமீட்டர் என்றது பலகை.

பதற்றத்தில் எச்சரிக்கை விளக்கை மின்ன விட்டான்.

வேனும் விளக்கை மின்ன விட்டது. இன்னும் நெருங்கியது.

காலையில் இவன்தான் சொல்லிக் கொடுத்திருந்தான். மச்சானுக்கு வழி தெரியாது. "நான் லைற்றை மின்ன விட்டனெண்டால் கிட்ட வா. திரும்பப் போறனெண்டு அர்த்தம். இடையில ஒருத்தனையும் விடாதை."

மச்சான் சொன்ன சொல் தட்டாதவன்.

அவசரமாக விளக்கை அணைத்தான். ஆணி இன்னும் விரல்களுக்கிடையில் இருந்தது. பக்கத்திலிருந்த மனைவி சுகந்தினி திரும்பினாள்.

"என்னப்பா அது கையில?"

"ராக்கின்ரை ஆணி."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் தெம்பு வந்திருக்கும். மகளுக்குப் போன் எடுத்தாள். நான்கு முறை அடித்த பிறகுதான் பிள்ளை எடுத்தாள்.

"மாமா கேக்கிற மாதிரிப் பிடி. தம்பி, எங்களை முந்திப் போ."

"எனக்கு வழி தெரியாதக்கா."

"தெரியாட்டிலும் போ. இப்பவே போ."

வேன் கொஞ்சம் தயங்கியது. பிறகு இடப்பக்கம் விலகியது. தாங்கியைக் கடந்தது. இவர்களுக்கு நேராக வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆரபி நாக்கை நீட்டிப் பழிப்புக் காட்டினாள். அதைப் பார்த்ததும் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

வேன் முன்னால் போய்ச் சின்னதாகியது.

"பிள்ளை தப்பிட்டாள்," என்று சுகந்தினி முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

அவன் தலையாட்டினான். உடம்பு லேசானது. இனி விழுந்தாலும் விழட்டும் என்று நினைத்தான். உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தான்.

பிறகு பழக்கத்தில் கண்ணாடியைப் பார்த்தான்.

வேன் விட்டுப்போன இடத்தில் ஒரு சிவப்புக் கார் வந்திருந்தது. ஓட்டுகிற பெண் ஏதோ பாடிக்கொண்டு வந்தாள். நடுவில் பாதி திரும்பிப் பின்சீட்டைப் பார்த்துச் சிரித்தாள்.

பின்சீட்டில் ஒரு நீலக் கம்பளித் தொப்பியின் உச்சி மட்டும் தெரிந்தது.

தாங்கி இன்னொரு விரல் அளவு வெளியே நகர்ந்தது.

வெளியேறும் வழிக்கு இன்னும் இரண்டு கிலோமீட்டர் இருந்தது.