நிற்காத பஸ்

டிரைவர் யூனிஃபார்மைக்கூடக் கழற்றவில்லை. வந்ததும் வராததுமாக மகள் மேல் பாய்ந்தார்.

"காலேஜுக்குப் படிக்கத்தானே அனுப்பினேன்? எந்த பஸ்ஸு ஸ்டாப்புல நிக்காமப் போச்சுன்னு போட்டோ பிடிச்சுப் போட ஒரு ஆப் செஞ்சு வெச்சிருக்கீங்க! இன்னிக்கும் என் பஸ்ஸு அதுல வந்திருக்கு. டிப்போ மேனேஜர் எல்லார் முன்னாடியும் நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டுட்டாரு."

"நிறுத்தியிருந்தா யாரும் போட்டிருக்க மாட்டாங்கப்பா."

"உள்ள கூட்டம் பிதுங்குது, வெளிய மழை கொட்டுது. ஸ்டாப்புல நிக்கிறவங்க மூஞ்சியையா பாத்துட்டு இருக்க முடியும்? அதுக்குன்னு பெத்த அப்பன் வயித்துலயே அடிப்பியா?"

"ஆப் செஞ்சது நானும் என் ஃப்ரெண்ட்ஸும்தான். ஆனா உங்க பஸ்ஸைப் போட்டது நான் இல்லை. என் போனைத்தான் நேத்தே பிடுங்கி பீரோவுல வெச்சுப் பூட்டிட்டீங்களே!"

டிரைவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். பீரோ சாவி அங்கேதான் இருந்தது.

"அப்போ எவன் அவன்? கையில மட்டும் கிடைக்கட்டும்..."

கதவைத் திறந்துகொண்டு மனைவி வந்தாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. டிரைவரின் எரிச்சல் அவள் பக்கம் திரும்பியது.

"வேலை விட்டு எவ்வளவு நேரமாச்சு? இவ்வளவு நேரம் எங்கடி போயிருந்தே?"

அவள் தன் போனைத் துடைத்து மகளிடம் நீட்டினாள்.

"நீ சொல்லிக் குடுத்த மாதிரியே போட்டுட்டேன். நம்பர் பிளேட்டு தெளிவாத் தெரியுதா பாரு. கையை ஆட்டி ஆட்டிப் பாத்தேன், இன்னிக்கும் நிறுத்தாமப் போயிட்டாரு உங்கப்பா."