விதவைக்கு ஒரு மேடை நாற்காலி

"நான் வந்து உட்கார மாட்டேன். உங்க நாற்காலிக்கு வேற விதவையைப் பாத்துக்கங்க, மேஜர்."

"மெதுவாப் பேசு பிலீனா, ஜன்னல் திறந்திருக்கு."

ஜன்னல் திறந்திருந்ததால்தான் தெருவுக்கே விஷயம் தெரிந்தது.

அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து ஏழு வருஷம். மேஜர் லைமன் கோப் இண்டியானா சட்டசபைக்கு நின்ற ஒவ்வொரு தேர்தலிலும், மேடையில் அவருக்கு வலப்பக்கம் பிலீனா, விதவைக்கான கறுப்பு உடையில் உட்கார்ந்திருப்பாள்.

தென்னாட்டில் ஆற்றைக் கடக்கும்போது குண்டுபட்டுச் செத்த தன் ஆட்களின் பெயர்களை மேஜர் ஒவ்வொன்றாகச் சொல்லுவார். தாங்களாகவே முன்வந்து ஆற்றில் இறங்கிய சிங்கங்கள் என்பார். கடைசியாக அவள் புருஷன் ஜோயெலின் பெயர் வரும். உடனே அவள் கைக்குட்டையை எடுக்க வேண்டும்.

பெண்களுக்கு ஓட்டுக் கிடையாதுதான். ஆனால் அந்தக் கைக்குட்டைக்கு நிறைய ஓட்டு இருந்தது.

இந்த முறை மேஜர் வாஷிங்டனுக்கே போகிற தேர்தல். இந்த முறை பார்த்துத்தான் பிலீனாவுக்குக் கறுப்பு அலுத்துவிட்டது. வண்டிச் சக்கரம் செய்கிற ஹைரம் அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டிருந்தான். அவனும் அதே படையில் போய், முழுசாகத் திரும்பி வந்தவன்.

மேஜர் குரலைத் தழைத்துக்கொண்டார்.

"ஜோயெல் என் மடியிலதான் உயிரை விட்டான். 'பிலீனாவைப் பாத்துக்கங்க'ன்னான்."

"போன தேர்தல்ல 'தேசத்தைப் பாத்துக்கங்க'ன்னு சொன்னதாச் சொன்னீங்க. சாகிற நேரத்துல அந்த மனுஷன் ரொம்பத்தான் பேசியிருக்கார்."

மேஜர் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் ஹைரம் வந்தான். சண்டையைக் கேள்விப்பட்டிருப்பான். உள்ளே போனதும் ஜன்னலைச் சாத்தினான். அது தெருவுக்குப் பெரிய நஷ்டம்.

வெளியே வந்தபோது அவன் முகம் வெளுத்திருந்தது. கல்யாணத் தேதி குறித்துவிட்டு வருகிறவன் முகம் அப்படியா இருக்கும்?

மறுநாள், யாரும் எதிர்பாராமல், பிலீனா மேடை ஏறினாள்.

அதே கறுப்பு உடை. மார்பில் மட்டும் விரலளவு ஒரு சிவப்புத் துணி. சாயம் போய், ஓரம் நைந்த துணி.

"புது மாப்பிள்ளை கிடைச்ச குஷி. கறுப்பு முழுசாக் கழலும்வரை பொறுக்கலை" என்றாள் பாதிரியார் மனைவி.

மேஜர் பெயர்களைச் சொல்ல ஆரம்பித்தார். ஒன்று சொன்னார். இரண்டாவதும் சொன்னார். கைக்குட்டை தயாரா என்று அவள் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

மூன்றாவது பெயர் வரவில்லை.

தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். ரயில் பாதை பற்றி ஏதோ பேசிவிட்டு இறங்கிப் போனார். கைக்குட்டைக்கு அன்று வேலையே இல்லை.

ஊருக்கு மறதி அதிகம். படை கிளம்பிய வருஷம், தங்கள் கேப்டனை ஆட்களே தேர்ந்தெடுத்தார்கள். புல்வெளியில் இரண்டு பேர் நிற்க, பிடித்தவன் பின்னால் போய் வரிசையில் நிற்க வேண்டும். ஒருவர், பிற்பாடு மேஜரான லைமன். இன்னொருவன் ஜோயெல்.

ஜோயெலின் வரிசைக்கு அடையாளமாகப் பிலீனா தன் சிவப்புப் பாவாடையைக் கிழித்து, ஒவ்வொருவர் சட்டையிலும் தன் கையாலேயே ஒரு துண்டு குத்தினாள். கடைசி நிமிஷத்தில் ஒருத்தன் தன் துண்டைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு அந்தப் பக்கம் போனான். அந்த ஒரு ஆளால்தான் லைமன் கேப்டன் ஆனார்.

ஆற்றில் முதலில் இறங்க ஒருவரும் முன்வரவில்லை. கேப்டன்தான் பெயர் சொல்லி அனுப்பினார். அவர் கூப்பிட்டது ஒரே வரிசையை.

சிவப்புத் துண்டுகள் ஆற்றோடு போயின. பைக்குள் போனது மட்டும் பத்திரமாக ஊர் திரும்பி, ஜன்னல் சாத்திய வீட்டுக்குள் பிலீனாவின் கைக்கு வந்தது.

மேஜர் ஜெயித்து வாஷிங்டன் போனார். பிலீனா அந்த மாதமே கான்சாஸுக்கு ரயில் ஏறினாள், தனியாக. ஹைரம் அடுத்த வசந்தத்தில் மேஜரின் கொழுந்தியாளைக் கட்டிக்கொண்டான்.