சின்னவன் வரும் தூரம்

ஆபரேஷனுக்கு முதல் நாளும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அப்பா அதையேதான் கேட்டார்.

"ஏன்டா, சின்னவன் ஊர்லேருந்து இங்க வர எவ்வளவு நேரம்?"

"அந்த மூலைக்கும் இந்த மூலைக்கும் நேரா ஃப்ளைட் ஏதுப்பா? மூணு மாறணும், பதினாறு மணி நேரம். அவன்கூட இத்தனை தடவை இந்தக் கணக்கைப் பார்த்திருக்க மாட்டான்."

மூத்தவனுக்கு வயிறு எரிந்தது. அப்பா கூப்பிட்டதும் பட்டறையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு தினமும் ஆஸ்பத்திரிக்கு சைக்கிளில் ஓடி வருகிறான். அந்தத் தூரத்தை ஒருநாளாவது கேட்டிருப்பாரா?

நர்ஸ் படிவத்தோடு வந்தாள். "ஐயா, அவசரம்னா எந்தப் பிள்ளைக்கு ஃபோன் பண்ணணும்?"

"பெரியவனுக்கும்மா. பதினாறு மணி நேரம் நான் தாங்குவேனா?"

"இவர் சீக்கிரம் வந்துடுவாரா?"

"ஏழு நிமிஷம். மழைன்னா ஒம்போது. தினமும் கூப்பிட்டுட்டு கடிகாரத்தைத்தானே பார்த்துக்கிட்டுக் கிடக்கேன்."