மெதுவா

"எந்தக் கால்ம்மா ஒடிஞ்சது?"

ஒரு மாதத்துக்கு முன் ரிஸ்வானா அவளிடம் கேட்டது. வீடு வீடாகப் போய்ப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிப் பெண். இரண்டு கால்களையும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் கேட்டாள்.

ஒடிந்தது வலது கால்.

இடது காலும் அதைப் போலவே இளைத்துக் கிடந்தது.

இப்போது சமையலறைத் தரையில் உட்கார்ந்திருக்கும்போது அந்தக் கேள்விதான் நினைவில் வந்தது அவளுக்கு.

கீரை ஆய உட்கார்ந்தாள். ஐந்து மாதத்தில் இதுதான் முதல் முறை. உட்காருவது சுலபமாக இருந்தது. கீரையை ஆய்ந்தும் முடித்துவிட்டாள்.

எழுந்திருக்கத்தான் முடியவில்லை.

முன்னறையில் புருஷனின் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு குரல் கொடுத்தால் போதும். அவன் ஓடி வந்துவிடுவான்.

குரல் கொடுக்கவில்லை.

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். ஒரு தம்ளர் தண்ணீரைத் தானாக மொண்டு குடித்தவன் இல்லை. பேச்சும் எண்ணி வைத்ததுதான். குழம்பில் உப்பு குறைவு. பட்டன் தீர்ந்துவிட்டது. கரண்டு எப்போது வரும்.

ரேஷன் கடைப் படியில் அவள் வழுக்கி விழுந்த அன்று அந்த மனுஷனைக் காணோம். அதே சட்டையில் வேறொருவன் வந்தான். தூக்கி உட்கார வைத்தான். வாய் கொப்பளிக்கச் சட்டி ஏந்தினான். தலை வாரிவிட்டான். வகிடு ஒருநாளும் நேராக வந்ததில்லை.

"கால் ஒடிஞ்சதுல உனக்கு யோகம் அடிச்சிட்டுடீ" என்றாள் பக்கத்து வீட்டு ராஜகனி.

கேலிக்குச் சொன்னது. அவளுக்கு அது உண்மை என்று பட்டது.

ஆறு வாரத்தில் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். இனிமேல் மெதுவா நடக்கலாம் என்றார் டாக்டர்.

அவன் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. நடக்கிறதை மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம், என்ன அவசரம்.

அவள் காதில் சரியாகத்தான் விழுந்தது.

அவள் திருத்தவில்லை.

அதற்கப்புறம் இரண்டரை மாதம். விடிந்தால் ஆட்டுக்கால் சூப். பத்து மணிக்குச் சத்துமாவுக் கஞ்சி. பார்க்க வந்தவர்கள் வைத்துவிட்டுப்போன ரொட்டியும் லட்டும். எல்லாம் கட்டிலுக்கே வந்தன. காலில் ஏற வேண்டியதெல்லாம் இடுப்பில் ஏறியது. தலை கிறுகிறுக்கிறது என்று ரத்தம் எடுத்துப் பார்த்தால் சர்க்கரை இருநூற்று இருபது.

அதுவரை அவளுக்கு அந்த வியாதி இல்லை.

பிறகுதான் ரிஸ்வானா வந்தாள். அவன் கழுத்தில் கிடந்த இஞ்சு டேப்பையே வாங்கி, முட்டிக்கு மேலே சுற்றி அளந்தாள். வலது பதின்மூன்றரை. இடது பதினாலு.

பள்ளிக்கூடத்துப் பையனுக்குக் கால்சட்டை வெட்டுகிற அளவு.

அவன் டேப்பைத் திரும்ப வாங்கி, தானே ஒருமுறை அளந்தான். எண் மாறவில்லை. தினமும் சூப் கொடுக்கிறேனே என்றான், யாரிடம் என்றில்லாமல்.

"அண்ணே, திங்கிறதை எரிக்கிற அடுப்பே இந்தச் சதைதான். நீங்க அடுப்பை அணைச்சுப்போட்டு விறகை அடுக்கிக்கிட்டே இருந்திருக்கீங்க" என்றாள் ரிஸ்வானா. "சர்க்கரை ரத்தத்துலயே நிக்காம எங்கெ போவும்?"

போன சதை, கூப்பிட்டால் திரும்பி வரும் என்றும் சொன்னாள். நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து எழ வேண்டும். வேளைக்குப் பத்து தடவை. கை ஊன்றக் கூடாது. தரையிலிருந்து அவள் தானாக எழுந்துவிட்டால், அப்புறம் தான் வர வேண்டியதில்லை என்றாள்.

அவள் எழுந்தாள், உட்கார்ந்தாள். ஒரு மாதமாக.

ஒவ்வொரு தடவையும் காலில் கொஞ்சம் பலம் வந்தது. கூடவே ஒரு பயமும் வந்தது.

கால் திரும்பி வந்தால், பழைய மனுஷனும் திரும்பி வந்துவிடுவானோ.

முன்னறையில் மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது.

ஒரு முட்டியை மடக்கினாள். பாதத்தைத் தரையில் அழுத்தினாள். தொடை நடுங்கியது, மழையில் நனைந்த ஆட்டுக்குட்டி மாதிரி. பாதி எழுந்தாள்.

விழுந்தாள்.

கீரைத் தட்டு கவிழ்ந்து சத்தம் போட்டது.

மெஷின் நின்றது.

வாசல்படியில் அவன். கைகள் இரண்டும் ஏற்கனவே நீண்டிருந்தன.

"நான் இருக்கேம்லா."

அந்தக் கைகளை அவளுக்குத் தெரியும். அக்குளுக்குள் நுழையும். ஒரே தூக்கு. சோப்பும் மெஷின் எண்ணெயும் கலந்த வாசனை. தோளை லேசாக உயர்த்தினால் போதும். சாகும்வரைகூட உயர்த்திக்கொண்டே இருக்கலாம்.

தோள் உயரப் பார்த்தது.

அவள் உள்ளங்கைகளைத் தரையில் ஊன்றினாள். அவன் முகத்தைப் பார்த்துத் தலையசைத்தாள்.

வேண்டாம்.

நீண்ட கைகள் அப்படியே நின்றன. எங்கே வைப்பது என்று அவற்றுக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவன் அவற்றைக் கைலியில் துடைத்தான். துடைக்க ஒன்றுமில்லை.

முன்னறைக்குப் போனான்.

அவ்வளவுதான் என்று நினைத்தாள்.

திரும்பி வந்தான். கையில் அவன் உட்கார்ந்து தைக்கும் ஸ்டூல். அதை அவளுக்கு எதிரே போட்டான். அவள் கைக்கு எட்டும் இடத்தில் இல்லை. கண்ணாலேயே அளந்து, ஓர் அடி தள்ளி; பாதி எழுந்தால்தான் எட்டும். நான்கு காலும் ஆடாமல் நிற்கிறதா என்று அழுத்திப் பார்த்தான்.

அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

வாசலில் செருப்பை மாட்டினான். கதவைச் சத்தமின்றிச் சாத்திவிட்டு, தட்டு கவிழ்ந்தாலும் காதில் விழாத தூரத்துக்குத் தெருவில் இறங்கிப் போனான்.