துவர்த்த கொய்யா

காபித் தோட்டத்து வேலியோரம் நின்ற கொய்யா மரத்தில் ஓர் அணில் குடியிருந்தது. ஒருநாள் அது வேலி தாண்டிப் போய் ஒரு காபிக் கொட்டையைத் தின்றது. அன்று முழுக்க அதன் கால் தரையில் நிற்கவில்லை. போகப்போக ஒரு கொட்டை போதவில்லை. எத்தனை தின்றாலும் முதல்நாள் துள்ளல் வரவில்லை, தின்னாவிட்டாலோ எழுந்திருக்கவே முடியவில்லை.

“உன் காயும் பழமும் இப்ப ஒரே சக்கையா இருக்கு,” என்று மரத்திடம் குறைப்பட்டது.

“நான் மாறலையே. உன் நாக்குதான் மரத்துப் போயிருக்கு,” என்றது மரம்.

கிளையிலிருந்த கொண்டைக்குருவி, “வேலி தாண்டாத நாள்ல என்கிட்ட வா. ஒரு வேர்க்கடலை தரேன்,” என்றது.

அணில் வந்தது. சில நாள் வேலி தாண்டியும் போனது. அப்போது குருவி கடலை தரவில்லை, திட்டவும் இல்லை. மறுநாளுக்கு என்று ஒன்றை எடுத்து வைத்தது.

மழைக்காலம் போய்ப் பனிக்காலம் வந்தது. அணில் வேலி தாண்டும் நாள்கள் குறைந்துகொண்டே வந்து நின்றுபோயின. ஒரு காலையில் அணில் கொய்யாவைக் கடித்துவிட்டு முகத்தைச் சுளித்தது.

“என்ன மரம் நீ? காயைப் போய் நீட்டுற. துவர்க்குது.”

மரம் சிரித்துக்கொண்டே மெல்லக் குருவியிடம் சொன்னது. “துவர்க்குதாம்.”