பொதுவில் வைத்த வலி

தீக்காய வார்டில் நர்சுகளின் மணிக்கட்டில் ஒரு பட்டை, அதில் ஒரு பொத்தான். ஒருமுறை அழுத்தினால் நோயாளியின் வலியில் பாதி அவர்களுக்கு வந்துவிடும். மறுமுறை அழுத்தினால் நின்றுவிடும். நர்ஸ் தங்கபுஷ்பத்தின் பட்டை நேற்றிலிருந்து எத்தனை முறை அழுத்தியும் நிற்கவே இல்லை என்று கேள்விப்பட்டு, நிரல் எழுதிய நிஸார் ஓடி வந்தான்.

தவறு அவனுடையதுதான். பொத்தானின் நிலையை நினைவில் வைக்கும் மாறியை, அழுத்தும்போதெல்லாம் முதலிலிருந்து ஓடும் நிரல்துண்டான ஃபங்ஷனுக்குள்ளேயே எழுதியிருந்தான். ஒவ்வொரு அழுத்தலுக்கும் அது புதிதாகப் பிறந்து, பழசை மறந்து, மறுபடியும் ‘இயங்கு’ என்றது.

“பட்டையைக் கழட்டியிருக்கலாமே சிஸ்டர்?”

“வெந்நி கொட்டுன பிள்ள சார். இப்பத்தான் கண்ணசந்தா. கழட்டுனா முழிச்சிருவால்லா?” பல்லைக் கடித்தபடி சிரித்தாள்.

“அந்த மாறிய ஃபங்ஷனுக்கு வெளிய எடுத்து வச்சா சரியாயிரும். ஆனா அது எல்லாருக்கும் பொதுவாயிரும். ஒருத்தர் அழுத்துனா எல்லார் பட்டைக்கும் வலி பிரிஞ்சு போகும். தனித்தனியா எழுத நாளைக்கு ஆயிரும்.”

சுற்றி நின்ற மற்ற நர்சுகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூத்தவளான ரோஸ்லின் சொன்னாள்: “பொதுவாவே வையுங்க சார். பங்கு போட்டுக்கிடுதோம்.”

நிரலை மாற்றுவதற்காகப் பட்டைகள் நின்ற இடைவெளியில் குழந்தை சிணுங்கியது. மாற்றி முடித்ததும் தங்கபுஷ்பம் சட்டென்று அழுத்தினாள். மற்றவர்கள் முகம் ஒருசேரச் சுளித்தது. குழந்தை அடங்கியதைப் பார்த்து அவள் முகம் மட்டும் தெளிந்தது.

மேசையில் கிடந்த ஒரு பட்டையை எடுத்து நிஸாரும் கட்டிக்கொண்டான். அந்தச் சின்னப் பங்குக்கே அவன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. தங்கபுஷ்பம் நேற்றிலிருந்து பாதியைச் சுமந்துகொண்டு நடமாடியிருக்கிறாள்.